கிராணி பெரட்டுக்கு வரவில்லை

காலை ஐந்தே முக்கால்.
நொய்த் தட்டைத் தட்டினால்
முதலில் வந்து நிற்பவள் அவள்தான்.
மற்ற நான்கும் வரிசைக்கு வரும்வரை
கழுத்தை வெட்டி வெட்டி எண்ணுவாள்.
அதனால்தான் அந்தப் பெயர்.
இன்று நான்கு மட்டும்.

கூண்டின் மூலையில்
இறகெல்லாம் உப்பி, கண் பாதி மூடி,
மழையில் விட்ட தலையணை மாதிரி.
எச்சம் பச்சைத் தண்ணீர்.
கொண்டை வெளுத்து, ஓரம் மட்டும் ஊதா.

"சளிதான், மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடு"
என்றார் பின்வீட்டுத் தவமணி.
"தலைகீழாய்ப் பிடித்து உலுக்கு,
இல்லையென்றால் இன்றைக்கே குழம்பு வை"
என்றார் அவர் வீட்டுக்காரர்.
மக்சிக் ரொஹாயா வேலிமேல் எட்டிப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல்
தன் கோழிகளை உள்ளே விரட்டினார்.
அதுவும் ஒரு மருத்துவக் கருத்துதான்.

நான் மில்லில் எண்ணெய்க்குப் புளிப்புப் பார்ப்பவள்.
பதினோரு வருடம்.
தொட்டிக்கு ஒரு எண்.
மூன்றரை என்றால் லோரி ஏறலாம்,
ஐந்தைத் தாண்டினால் போன் அடிக்க வேண்டும்.
இவளுக்கு எண் ஏதும் இல்லை.
கையை வைத்தேன்.

கழுத்தின் அடியில், நெஞ்சின் வலப்பக்கம்
தீனிப்பை.
தின்றதை இரவோடு இரவாக உள்ளே அனுப்பிவிட்டு
விடியலில் காலியாய் இருக்க வேண்டியது.
இல்லை.
தண்ணீர் நிரப்பிய பலூன்.
அழுத்தினால் உள்ளே ஏதோ உருண்டது.
அலகைத் திறந்தேன்.
அந்த நாற்றம் எனக்குத் தெரியும்.
மில்லுக்குப் பின்னால் கழிவுக் குளத்தில்
மூன்றாம் நாள் வெயிலுக்கு எழுவது.

ஞாயிறு. கால்நடை ஆபீஸ் பூட்டு.
பாகாவ் டவுன் மருந்துக்கடையில் மிஸ் லியோங்.
கைக்குழந்தை நாக்கு வெள்ளைக்குக் கொடுக்கும்
மஞ்சள் சொட்டு மருந்து கேட்டேன்.
"என்ன வயது?"
"ரெண்டு."
"எடை?"
"ரெண்டே கால் கிலோ."
தலை நிமிர்ந்தாள்.
எனக்குப் பிள்ளை இல்லையென்பது
இந்த டவுனுக்கே தெரியும்.
"பெயர்?" என்றாள்.
சொன்னேன்.
எழுத்துக் கூட்டி எழுதி
பாட்டிலில் ஒட்டித் தந்தாள்.
பதினெட்டு வெள்ளி.

உலுக்கவில்லை. மூச்சுக்குழாயில் இறங்கினால் முடிந்தது.
தீனி நிறுத்தம்.
குளியலறை வாளிக்குப் பக்கத்தில் துண்டு விரித்தேன்.
அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு.
விழுங்கினாளா, பார். அடுத்த சொட்டு.
லேப்பிலும் இதே கை.
இளஞ்சிவப்பு வரும்வரை சொட்டு,
வந்ததும் நிறுத்து.
இங்கே எதுவும் சிவக்கவில்லை.
தேங்காயெண்ணெய் தொட்டு
பையைத் தடவினேன், மெல்ல, வட்டமாய்.
இரவு இரண்டுக்கு ஒருமுறை,
நான்குக்கு ஒருமுறை.
நடுவில் என் மணிக்கட்டில் தலை வைத்துத்
தூங்கிப்போனாள்.
கொசு கடித்தது.
கையை எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை
எச்சத்தில் ஒரு நீல நூல்.
அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு கூண்டுக்குப் போய்க் குனிந்தேன்.
சாரல் அடிக்கக் கூடாதென்று
நான்தான் மில்லிலிருந்து கொண்டுவந்து விரித்தது,
உரச் சாக்கு.
ஓரமெல்லாம் பிரிந்து இழை இழையாய்,
கொத்துவதற்குத் தோதாய்,
புழு நீளத்துக்கு.
நல்லதுக்குத்தான் செய்தேன் என்று
கோழியிடம் சொல்லிப் பயனில்லை.
சுருட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு,
மக்சிக்கின் கோழிகளுக்கும் எட்டாத தொட்டியில்
மூடி அழுத்தினேன்.

மூன்றாம் விடியல். தொட்டேன்.
காலி.
சட்டைப்பையை வெளியே இழுத்துவிட்ட மாதிரி
தொளதொளவென்று.
ஷிப்ட் ஏழுக்கு.
மூக்கை மட்டும் சிந்திக்கொண்டேன்.

போன புதன்கிழமை அசந்துவிட்டேன்.
ஆறு பத்துக்குத் தட்டோடு ஓடினால்
ஐந்தும் நிற்கின்றன, முன்னால் அவள்.
கழுத்தை ஒரு வெட்டு.
மேலும் கீழும் ஒரு பார்வை.
என் செருப்பில் ஒரே ஒரு கொத்து.

எனக்கு இன்று அரைப்பேர்.